மஜீத் துடைத்த கம்ப்யூட்டர்

கொச்சங்காடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுல்ஃபத், பிழைகளைத் துடைத்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி க்ளீனர் புரோகிராமை ஓட்டும் வாடிக்கையாளர்களைத் திட்டாமல் அனுப்புவதில்லை. "குடோன்ல நாலு மிளகு பொறுக்கினா குடோன் காலியாகுமா? வேகமும் ஏறாது, சில நேரம் உள்ளதும் கெடும்" என்பாள்.

அவள் கணவர் மஜீத் மிளகு வியாபாரி. வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத்தான் ஓட்டுவார். நானூறு பிழைகள் நீக்கப்பட்டதாகத் திரை சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்து மட்டும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஒருமுறை அது பிரிண்டரை முடக்கியபோதும் அவளே சத்தமில்லாமல் சரிசெய்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போனதும், தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததையெல்லாம் அதைவிடப் பல மடங்கு வேகமான புது எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பொருத்தினாள். திரும்பி வந்து ஆன் செய்தவர் அதன் வேகத்தில் அசந்துபோனார்.

"பாத்தியா சுல்ஃபத்து, காலையில துடைச்சதோட குணம். உன் கடையில உள்ளதையும் துடைச்சுத் தரட்டா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள்.

மறுநாள் கடையில், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, அதன் முன்னால் அவருக்கென்று ஒரு நாற்காலியும் போட்டு வைத்தாள்.