தையல்காரர் வீட்டுப் பேச்சு

அரபு மொழியியல் பேராசிரியர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. துடைப்பத்தை வெளியே எடுத்துவிட்டு அவரை உள்ளே வைத்திருந்தார்கள். யாராவது வணக்கம் சொன்னால், அந்தச் சொல்லின் வேர்வரை தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். அதற்குள் சொன்னவர் வீடு போய்ச் சேர்ந்து குளித்தும் முடித்திருப்பார்.

பதினோரு வருஷமாக அவர் எழுதியது ஒரே புத்தகம். எங்கோ ஒரு மலைக் கிராமத்தின் அரபுப் பேச்சைப் பற்றியது. அதைப் பேச இந்த நகரத்தில் மிஞ்சியிருந்தவர்கள் கடைத்தெருத் தையல்காரரும் அவர் மனைவியும்தான். செவ்வாய்தோறும் நாலு மணிக்குப் போய், தையல் மெஷின் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தையல்காரரைப் பேசவிடுவார். டீ கொண்டுவரும் கையைத் தவிர அந்த அம்மாவிடம் வேறெதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தச் சோறு தையல்காரர், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஓய்வு. வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். இத்தனை வருஷ உத்தியோகத்துக்குக் காட்டிக்கொள்ள வேறு ஒரு துரும்பும் இல்லை. திங்களன்று, பதிவுகளைக் கேட்டுப்பார்த்த வெளியூர் அறிஞர் ஒருவர் கடிதம் எழுதினார். உங்கள் தையல்காரர் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி பேசுகிறார், வீட்டில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்று. பொறாமை பிடித்தவன் என்று கிழித்துப் போட்டார் பேராசிரியர். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளறையிலிருந்து அந்த அம்மா ஏதோ கத்தினார். வாயில் குண்டூசிகளோடு தையல்காரரும் பதிலுக்குக் கத்தினார். பேராசிரியருக்குப் பாதி வார்த்தைகூடப் புரியவில்லை.

"இப்ப என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல சார். வீட்டுப் பேச்சு."

"அப்போ என்கிட்ட இத்தனை வருஷமா பேசினது?"

தையல்காரர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். "முதல் நாள் நான் வாயத் திறந்ததும் நீங்க திருத்துனீங்க. படிச்சவரு, மனசு நோகக் கூடாதேன்னு நீங்க சொன்ன மாதிரியே பழகிட்டேன். திங்கக்கிழமை ஒத்திகை வேற பாப்பேன் சார்."

ஆக, மகா பண்டிதர் பதினோரு வருஷம் தெருவைக் கடந்து போய், அடுத்தவர் வாயிலிருந்து தன் பேச்சையே பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். தன் வாலைத் துரத்தும் நாய்கூடக் கொஞ்ச நேரத்தில் களைத்து உட்கார்ந்துவிடும்.

பேராசிரியரின் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்."

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு திரும்பி வந்து, முக்காலியை உள்ளறைக் கதவருகே இழுத்துப் போட்டார்.

"அம்மா, இப்ப அவரைத் திட்டினீங்களே, அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

"கேட்டா வர்றதா திட்டு? உட்காருங்க. அவரே எதையாவது செஞ்சு வைப்பாரு."

பேராசிரியர் உட்கார்ந்தார். அந்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு எதுவும் போகவில்லை.