ஆறுமணிக்குருவி பார்க்கப் போய்...

போன ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் பைனாகுலரும் கையுமாக நின்றேன்.

கீழே பழைய வீடு ஒன்று. அதன் மாமரத்தடியில் இரண்டு வாரமாக ஆறுமணிக்குருவி கூவிக்கொண்டிருந்தது. இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வந்து, ஏப்ரலில் திரும்பிப் போய்விடும் பறவை. சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம்!

பைனாகுலரை இரவல் தந்த நண்பர் நஸீர் எச்சரித்திருந்தார். “இண்டைக்கோ நாளைக்கோ கெளம்பிரும். பாக்கிறதெண்டா இப்பவே பாருங்க.”

இந்தக் குருவி தரையில்தான் இரை தேடும். எனவே நான் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அந்த நேரம் பார்த்து, அந்த வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட வந்தாள்.

“ஒரு பிள்ளை நிக்குது. கண்ணாடியைக் கீழ வையுங்கோ” என்றாள் மனைவி.

பத்து நிமிடத்தில் காலிங் பெல். வாசலில் அந்தப் பெண்ணின் தாய். சரி, இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் புன்னகை.

“பிள்ளையைப் பாக்கிறதெண்டால் வீட்டை வந்து பாக்கலாம்தானே. தேத்தண்ணி போட்டிருக்கிறன், வாங்கோ.”

அவரைக் குறை சொல்ல முடியுமா? கோயில் வீதியில், கலியாண வீட்டுப் பந்தியில், பார்க்காதமாதிரிப் பெண் பார்க்கிற சனம் நாங்கள். கணவனும் மனைவியும் மாறி மாறிப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்?

உண்மையைச் சொன்னால் முற்றத்துக்குள் கால் வைக்க முடியாது. குருவியோ இன்றோ நாளையோ... பேசாமல் இருந்தேன். மனைவியும் பேசவில்லை. அவளுக்கு வேறு காரணம் — முப்பது வயதாகியும் பெண் அமையாத எங்கள் மகன்.

போனோம். பெண்ணின் பெயர் தாரணி, வங்கியில் வேலை. தேநீரைத் தந்தவள் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள். தாய் பலகாரம் எடுக்க உள்ளே போன நேரம், மெல்லக் கேட்டாள்.

“அங்கிள், நீங்கள் குருவியைத்தானே பாத்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை.”

“பின்னால வாங்கோ. கதைக்காமல் வாங்கோ.”

மாமரத்தடியில், சருகுகளுக்கு நடுவே நின்றது குருவி. பச்சை முதுகு, இறகில் ஒரு துண்டு நீலம், வயிற்றின் கீழே சிவப்பு. சருகைப் புரட்டிப் புழுவை எடுத்தது, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்த பிறகு பொய்யாக உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. நான் குருவிக்காக வந்ததையும், மனைவி மகனை நினைத்து வந்ததையும் தாயிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் வாடியது. பலகாரத் தட்டை மேசையில் வைத்தார். நான் எழும்ப ஆயத்தமானேன்.

“இருங்கோ” என்றார். “குருவியைப் பாத்திட்டீங்கள்தானே... இனி மகனைப் பற்றிச் சொல்லுங்கோ.”