அக்கா திரும்பிப் போகாத தோப்பு

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர்களை ‘டீச்சர்’ என்றுதான் அறிவீர்கள். அவர்கள் எதைத் தேடினார்கள், எதனால் மனம் நொந்தார்கள் என்பது சொந்தக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள் என்ற முறையில் அதைச் சொல்லி வைப்பது என் கடமை.

விளவங்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அக்கா பிறந்தார்கள். அப்பா சபைப் போதகர். திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபைக்கு அப்பாவுக்கு மாற்றலானபோது அக்கா தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். அப்பா புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியான கிரேக்கத்தில் வாசிப்பார். அந்த எழுத்துகள்தான் அக்காவை முதலில் இழுத்தன. டாக்டராகப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, பண்டைய வரலாறு படிக்கப் போவதாகச் சொன்னார்கள். செத்துப்போன ராஜாக்களைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா வருத்தப்பட்டார்கள். “ராஜாவ இல்லம்மா, அந்தக் காலத்துச் சனங்க எந்தப் பானையில கஞ்சி குடிச்சாங்கன்னு படிக்கப் போறேன்” என்றார்கள் அக்கா.

உதவித்தொகை கிடைத்து வெளிநாடு போனார்கள். கிரேக்க நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றின் அகழாய்வில் கோடைதோறும் வேலை செய்து, பழைய பானைகளைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார்கள். அங்கேயே வேலை கிடைக்கும் நிலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பியும் நானும் படித்துக்கொண்டிருந்தோம். அக்கா திரும்பி வந்து இங்கே ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் காலையில் வகுப்புக்குக் கிளம்புவார்கள். மணம் செய்துகொள்ளவில்லை. கிரேக்கத்துக்கு மறுபடி போகவும் இல்லை. கேட்டால், “போலாம், போலாம்” என்பார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்கள் படித்த படிப்புக்கு இங்கேயே வேலை வந்தது. நகரத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றில் கிணறு தோண்டியவர்களுக்குப் பழைய பானை ஓடுகள் கிடைத்தன. அங்கே அகழாய்வு செய்ய அக்காவின் தலைமையில் ஒரு குழுவுக்கு அனுமதி கிடைத்தது. தோப்பு தங்கம்மாள் என்ற அம்மையாருடையது. அக்கம்பக்கத்துப் பெண்களே மண் சுமக்கவும் சலிக்கவும் வந்தார்கள். கிழக்கேகோட்டையில் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், முகமெல்லாம் புழுதியாகத் திரும்பி வரும் அக்காவை அந்த நாட்களில்தான் நான் முழு மகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறேன்.

அங்கே பெரிய ஜாடி ஒன்றின் துண்டு கிடைத்தது. அதன் உள்பக்கம் கறுப்பாக எதையோ பூசியிருந்தார்கள். மது ஒழுகாமல் இருக்க ரோமானியர்கள் ஜாடிக்குள் மரப்பிசின் பூசுவதுண்டு. அது ரோமானிய ஜாடிதான் என்று அக்கா சொன்னார்கள். பத்திரிகைகளில் வந்தது. அமைச்சர் தோப்புக்கே வந்து பார்த்தார். துறைத் தலைவர் பதவி அக்காவுக்குத்தான் என்று பேச்சு எழுந்தது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய துண்டு வேறு சேதியோடு திரும்பியது. பூசியிருந்தது பிசின் அல்ல; பாரசீக வளைகுடாப் பக்கத்தில் மண்ணிலிருந்து ஊறும் தார். ஜாடி வந்தது ரோமிலிருந்து அல்ல. அடுத்த ஆண்டு அனுமதி வரும்வரை பேசாமல் இருக்கலாம் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அக்கா இரண்டு நாள் அந்த அறிக்கையையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். பிறகு என்னிடம், “நான் சொன்னது தப்பு. வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லதுக்கு முன்னால நானே சொல்லணும், கேட்டியா” என்றார்கள். கருத்தரங்கில் எழுந்து சொல்லியும் விட்டார்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த ஜாடியும் பெரிய கண்டுபிடிப்புத்தான் என்று அவர்கள் விளக்கியது யார் காதிலும் ஏறவில்லை. “கல்ஃப் சாமான் நம்ம ஊருக்கு வாறதுல என்ன அதிசயம்னு நினைச்சுட்டாங்க போல” என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. குழிகளை மணல் போட்டு மூடும்போது, ஒரு குழியின் அடியில் செங்கல் வரிசை ஒன்று தலைகாட்டியிருந்தது. அது சுவரா, மேடையா, படித்துறையா என்று தெரியுமுன்னே மூடியாயிற்று. துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

பதவி போனதற்காக அக்கா வருந்தி நான் பார்த்ததில்லை. “திருத்திச் சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. அவசரப்பட்டு முதல்ல சொன்னேன் பாரு, அதுதான். அந்தப் பொம்பளைங்களுக்கு வேலையும் போச்சு. தங்கம்மாள் மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்பார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம், அந்தத் தோப்புக்குத் திரும்பும் சாலை வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையசைப்பார்கள். ஓய்வு பெற்றபின் கழக்கூட்டத்தில் என் மகன் வீட்டில் எங்களோடு இருந்தார்கள். நோய் முற்றிய கடைசி வாரங்களில், அந்தச் செங்கல் வரிசை எந்தத் திசையில் போயிருக்கும் என்று மருந்து மயக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் ஆறுதல் ஜெபம் முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில், வயதான ஒரு பெண் மகளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். தங்கம்மாள். பேப்பரில் படம் பார்த்து வந்ததாகச் சொன்னார்.

“டீச்சர் திரும்ப வாறேன்னு சொல்லிட்டுத்தான் போனது. கீழ பழைய செங்கல் கெட்டு இருக்கு, மேல ஒண்ணும் கெட்டிராதீங்கன்னு சொன்னாங்க. அதனால இவளுக்க வீட்டத் தள்ளி, ரோட்டோரமாக் கெட்டினோம். அந்த எடம் அப்படியேதான் கெடக்குது.”

டீச்சர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“கோவம் என்னத்துக்கு? டீச்சருக்கு சமயம் கெடைக்கல்ல, கெடைக்கும்போ வருவாங்கன்னு இருந்தோம்.”

வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தது இந்தப் பதில். அக்கா அதைக் கேட்காமலே போய்விட்டார்கள்.

அக்காவின் நோய்க்காலத்தில் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுக்க முறைவைத்து வந்த பழைய மாணவர்களுக்கும், எங்களுக்குச் சமைக்க மனமில்லாத நாட்களில் சோறு கொண்டுவந்த அடுத்த வீட்டாருக்கும், பாடி ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கம்மாள் குடும்பத்துக்கு அக்காவே நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய நன்றி ஒன்று பாக்கி நிற்கிறது. அதை அவர்கள் சார்பில் நான் சொன்னால் போதாது என்று தெரிந்தே, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.