அக்கா பெயரில் இருந்த வயல்

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அக்காவின் கணவர் முதலில் செய்தது, தோளில் கிடந்த கட்சிக்கரைத் துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டதுதான். பணிவு அத்தோடு சரி. பிறகு மேடையில் பேசுகிற அதே குரலில் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார்: "வாய்க்காலை ஒட்டின அந்த நிலம் என் சம்சாரத்தோடதுங்க. வெளைச்சலையும் அவதான் அனுபவிச்சுக்கிட்டு வர்றா. அவளுக்கு எதுக்குங்க ஜீவனாம்சம்?" வராந்தாவில் வாய்தாவுக்காகக் காத்துக் கிடந்த கூட்டம்கூட எட்டிப் பார்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அப்போது மாயவரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியர். போட்டிருந்த கறுப்புக் கோட்டு என்னைவிட ஒரு சுற்றுப் பெரியது. எங்களிடம் வழக்குக் கொடுத்தவர் அந்த மனைவி. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம். பிள்ளை இல்லை என்று காரணம் சொல்லிக் கணவர் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அக்கா அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே அண்ணி கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அரிசி களையும்போது மட்டும் பாத்திரம் கொஞ்சம் பலமாக இடிபடும். அக்கா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தார். "யார் மொகத்தையும் பாக்காம ஒரு வேளை சோறு திங்கணும் தம்பி. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயி அவளுக்குக் கீழ நிக்க மாட்டேன்" என்றார். வழக்கு என்றால் அவ்வளவுதான், அந்த ஒரு வேளைச் சோறு.

நிலம் எப்படி அக்கா பெயருக்கு வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் மனைவிமார் மீது திடீரென்று பாசம் பொங்கியது. அளவுக்கு மிஞ்சின நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் மனைவி, மாமியார், விதவைத் தங்கை என்று பெயர் பெயராக எழுதி வைத்தார்கள். அக்காவையும் ஒரு நாள் பட்டுப்புடவை கட்டச் சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், ஓட்டலில் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து உலை வைத்தார். அந்த வயலை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் வயலில் இறங்குகிற வழக்கம் கிடையாது. கணவரோ அதே வாரம் உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியிருக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்பது சட்டம். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். எங்கள் சீனியர் குறுக்கு விசாரணைக்கு எழுந்து இரண்டே கேள்விகள் கேட்டார். "அந்த நிலத்துல உங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?" "இல்லீங்க." "வெளைச்சல்ல?" "ஒரு மணி நெல்லுகூட இல்லீங்க." சீனியர் உட்கார்ந்துவிட்டார். மனு தள்ளுபடியானது. இவருக்கு வயதாகிவிட்டது என்று நான் உள்ளுக்குள் கொதித்தேன். வெளியே வந்ததும் அவர் அக்காவிடம் சொன்னார்: "ஜீவனாம்சம் போச்சும்மா. ஆனா நிலத்தை அவர் வாயாலேயே உங்களுக்குக் கொடுத்துட்டாரு. அறுப்பன்னைக்கு வயல்ல போயி நில்லுங்க. என் நிலம்னு அவர் இனிமே சொன்னா, சர்க்கார்கிட்ட அவரே மாட்டிக்குவாரு."

"அடிச்சா?" என்று கேட்டார் அக்கா. சீனியர் என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போ" என்றார்.

தை மாதத்தில் சம்பா அறுப்பு. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் அறுப்பு என்றாலே கூலித் தகராறும் கம்பும் போலீஸ் வேனும்தான். துணைக்கு நான் போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. வரப்பில் நின்று அக்கா அறுப்புக்காரப் பெண் ஒருத்தியிடம் கேட்டார்: "இதுல என் வயல் எதும்மா?" யாரும் சிரிக்கவில்லை. "நீங்க நிக்கிற வரப்புலேருந்து அந்த மதகு வரைக்கும்மா" என்றாள் அவள்.

அறுப்பு ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தார். போன வருஷத்து அடிதடி வழக்குக்காக அன்று கோர்ட்டு வராந்தாவில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். "ஐயா கூண்டுல சொன்னதை நாங்களும் கேட்டோம். ஆனா உங்களுக்கு அளந்துட்டா நாளைக்கு எங்களுக்கு யாரும்மா வேலை கொடுப்பா?"

அக்கா அந்த மதகு வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். "நீங்க கேட்டு அவர் தரமாட்டேன்ன கூலி இருக்குல்ல, அதை மொதல்ல அளந்துக்குங்க. மிச்சம் எனக்கு. அடுத்த போகமும் நீங்கதான் பண்ணணும்." அவர்கள் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்து அரிவாளை எடுத்து அறுக்கத் தொடங்கினார்கள்.

களத்தில் நெல் குவிந்து, கூலியும் அளந்து முடிந்த நேரத்தில் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே கம்போடு நான்கு பேர். சர்க்காருக்கு ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். "யாருக்குடா அளக்குற?" என்றார் கணவர். தலைவர் நெல் அளக்கும் மரக்காலைக் கீழே வைக்கவில்லை. "நெலத்துக்காரங்களுக்குங்க."

"நெலம் என்..." என்று தொடங்கியவர் கர்ணத்தைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. கம்போடு வந்தவர்கள் உத்தரவுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏதோ தானே கொடுப்பதுபோல, "சிந்தாம அளங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்று உரக்கச் சொல்லித் தலைவர் அக்காவின் சாக்கில் கொட்டினார்.

இப்போது குடும்ப நீதிமன்றத்துக்கு வரும் பெண்கள் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். "ஒரு வீடு இருக்கு சார். சும்மா வரிக்காக என் பேர்ல வாங்கினது. அது அவரோடதுதான்" என்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் அடங்கிய பிறகு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரும்.

நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றியதும் மாடுகள் பழக்கத்தில் கணவர் வீட்டுப் பாதையில் திரும்பின. "அங்க வேணாம்" என்றார் அக்கா. வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "அப்ப அண்ணன் வீட்டுக்காம்மா?"

அக்கா அந்தப் பாதையையும் பார்த்தார், இந்தப் பாதையையும் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னார்.

"இங்கயே, என் வயலோரத்துலயே எறக்குங்க. நாலு கீத்தும் ரெண்டு மூங்கிலும் கெடைக்குமான்னு பாருங்க. நானும் இங்கயே எறங்கிக்குறேன்."