கிணற்று மோட்டாருக்கு ஒரு மீட்டர்

தை பன்னிரண்டு, காலை ஆறு நாற்பது, லேசான பனி. டி. கல்லுப்பட்டிப் பக்கம் என் கிணற்று மோட்டாருக்கு மீட்டர் பொருத்தினேன். விவசாய மின்சாரத்தால் உலகின் எந்தப் பகுதி எவ்வளவு கரியமிலவாயு விடுகிறது என்று நான் படித்த ஓர் அட்டவணையில் தெற்காசியா முன்வரிசையில் நின்றது. அதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஓசி கரண்டுக்கு மீட்டரா? யாருண்ணே உங்ககிட்ட பில்லு கேட்டா?" என்று சிரித்தார் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர்.

ஒரு வாரத்தில் நூற்றைம்பத்தாறு யூனிட். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆட்டோவில் விட்டிருந்தோம். மக்காச்சோளத்துக்குப் பாய்ந்த பிறகும் தண்ணீர் வீணாக வழிந்தது.

"அம்புட்டா!" என்றவர் அன்றே ஆட்டோவை அணைத்தார். அடுத்த வாரம் அறுபத்தெட்டுதான்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரரும் மீட்டர் எம்புட்டுன்னு கேக்குறாருண்ணே."

பொருத்தும் கூலியோடு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் என்றேன்.