மதியத்துக்கு மேல் எதிரி

போர்ப்படங்களில் இரண்டு படைகள் மோதுகின்றன என்று மக்கள் நம்புகிறார்கள். நாட்டின் நலன் கருதி இதை மறுப்பது என் கடமை. படை ஒன்றுதான். காலையில் அது நம் படை. மதியச் சாப்பாடு முடிந்ததும் சீருடை மாற்றிக்கொண்டு எதிரிப் படை. புனேயில் படப்பிடிப்புகளுக்குத் துணை நடிகர்களைத் திரட்டித் தருவது என் தொழில். இதே பிழைப்பில் உழலும் சக பாவிகளுக்கு மேல்விளக்கம் தேவையில்லை.

மாப்பிள்ளைப் படை

அரசுப் பணத்தில் எடுத்த ஒரு போர்ப்படத்துக்கு, ஹிஞ்சேவாடி மென்பொருள்காரர்களை விடுமுறை நாட்களில் வேனில் அள்ளிப்போனேன். அதில் செந்தில், கோயம்புத்தூர்க்காரன். பிம்ப்ரியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஹவில்தார் ஒருவரின் மகளைக் காதலித்தான். ஹவில்தாருக்கோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் வேலையே அல்ல. ராணுவ வீரனாக நடிக்கிறேன் என்று இவன் சொன்னதும் கொஞ்சம் இளகி, படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

காலையில் தொப்பியைச் சரிசெய்தபடி செந்தில் சொன்னான்: "நம்ம யூனிபார்ம்ல எம் மூஞ்சி ஒருக்கா தெரிஞ்சாப் போதுங்ணா, பத்திரிகை அடிச்சுரலாம்."

சாவதற்கு விதிமுறை

மேற்பார்வைக்கு அரசுத் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எதிரி சிரிக்கக் கூடாது. தேநீரை ருசித்துக் குடிக்கக் கூடாது. வீட்டை நினைக்கவே கூடாது. பழைய போர்க்காவியங்களில் எதிரி வீட்டு அழுகைக்கும் இடம் உண்டே என்று மெல்ல இழுத்தேன். "அதற்கெல்லாம் மானியம் கொடுத்தது யார்?" என்று என் வாயை அடைத்தார்.

மதியம் செந்தில் எதிரிச் சீருடையில் பதுங்குகுழியில் நின்றான். வெடி கொஞ்சம் அருகிலேயே வெடித்துவிட்டது. கண் பிதுங்க, உதடு நடுங்க விழுந்தான். இயக்குநர் பூரித்துப்போனார். அதிகாரி மட்டும் முகம் சுளித்தார்: "எதிரி இவ்வளவு பரிதாபமாகச் சாகக் கூடாது. மக்களுக்கு இரக்கம் வந்துவிடும்."

இரக்கம் வந்த விதம்

படம் வெளியானதும் விமான் நகர் தியேட்டரில் நான், செந்தில், ஹவில்தார், அவர் மகள். நம் வீரனாக செந்தில் ஓடிய காட்சி முழுவதும் புழுதி. எதிரியாகச் செத்தபோதோ திரை நிறைய அவன் முகம். அதிகாரி வீணாகக் கவலைப்பட்டிருக்கிறார். அரங்கமே எழுந்து நின்று கோஷம் போட்டது. விசில் பறந்தது. ஹவில்தார் மட்டும் கைதட்டவில்லை. செந்தில் இருக்கையில் சரிந்து, இரண்டாம் முறை செத்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் பாப்கார்ன் டப்பாவோடு இருந்த ஓர் அம்மாள் திரையைப் பார்த்து மராத்தியில் கத்தினார்: "அவனை இன்னொரு தடவை சுடுங்கடா!"

தீர்ப்பு

வெளியே வந்ததும் ஹவில்தார் செந்திலை மேலும் கீழும் பார்த்தார்.

"படம் பூரா ஒருத்தனுக்கும் பயமே இல்ல. சண்டைன்னா அப்படியா இருக்கும்? நீங்க ஒருத்தர்தான் பயந்தவன் மாதிரி நடிச்சீங்க."

"நடிக்கலீங்க மாமா, நெசமாவே பயந்துட்டேனுங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஹவில்தார் வெகுநேரம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பயப்படுறவன் பொழுதோட வீடு வந்து சேருவான் சார். என் பொண்ணுக்கு அது போதும்."

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மேடையேறியபோது, படம் பார்த்திருந்த குழந்தைகள் சிலர் நாற்காலிகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்கள்.