மூன்று வரவேற்புரை, ஒரு நாடகம்

ரோசரி டீச்சர் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் நிற்பவர் முகம் சரியாகத் தெரியாவிட்டால் தாராளமாகத் திட்டலாம் என்பது அவர் கணக்கு. பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் டோனி துபாயில். வீட்டு மொட்டை மாடியில் எங்களைப் போன்ற பெண்களைச் சேர்த்து நாடகம் போடுகிறார். நான் ஜோதி, ஜெராக்ஸ் கடையில் வேலை. எந்த நாடகமானாலும் எனக்கு மாமியார் வேஷம்தான். டீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் முக்கொம்பு விழாவைச் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சங்கீத சபா, கே.கே. நகரில் ஒரு இலக்கிய மன்றம், எங்கள் குழு. தனித்தனியாக நடத்தினால் பாதி நாற்காலி காலி. சேர்ந்து நடத்தலாம் என்று யாருக்கோ தோன்றியது. யோசனையில் குற்றம் இல்லை. முக்கொம்புப் பூங்காவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தார்கள். விழாவுக்கும் அந்த இடத்தின் பெயரையே வைத்தார் மன்றத் தலைவர் செந்தமிழன். "ஒற்றுமைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏதுங்க?" என்றார்.

"ஆறு இங்கதாங்க ரெண்டாப் பிரியுது" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

அந்த விழாவை நம்பி ஒரு காரியம் செய்தார். எங்கள் நாடகத்தில் முக்கிய வேஷம் சந்திரம்மாளுக்கு. தண்ணீர் லாரியைத் தனியாளாக மறித்து நிற்கும் பெண். ஒத்திகையில் அவள் குரலை உயர்த்தினால் கீழ்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வீட்டிலோ அவள் வாயே திறப்பதில்லை. அவள் கணவர் காத்தான், அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. 'என் பொண்டாட்டி கூத்தாடுறான்னு ஊரு சிரிக்குது, இதோட நிறுத்திக்கோ' என்று சொல்லிவிட்டார். டீச்சர் நேராகப் பட்டறைக்கே போனார்.

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்க தம்பி. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா, நானே அவளை வராதேன்னு சொல்லிடறேன். இது என் வாக்கு."

"நைட் ஷிப்டு இருக்குங்க டீச்சர். ஒன்பது மணி வரைக்கும்தான் உக்காருவேன்" என்றார் அவர்.

எங்கள் நாடகம் ஏழு மணிக்கு. தாராளமாக முடிந்துவிடும் என்று நம்பினோம். நம்பிக்கைதான் எங்களைக் கெடுத்தது.

வரவேற்புரை யார் வாசிப்பது என்பதில் சபாவும் விட்டுக்கொடுக்கவில்லை, மன்றமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. எங்களையும் கேட்டார்கள். டீச்சர் வேண்டாம் என்றார். "உங்க அமைப்புக்குத் தலைவர் யாருங்க?" என்று கேட்டதற்கு, "தலைவரெல்லாம் இல்லைங்க, நடிக்கிறவங்கதான் இருக்கோம்" என்றார். அந்தக் குறையை அவர்களால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. எங்கள் சார்பில் வரவேற்க அவர்களே ஒருவரைப் பிடித்து வந்துவிட்டார்கள்! அந்த மனிதரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் பேசினார்.

பிறகு சால்வை. சபாக்காரர்கள் மன்றத்துக்காரர்களுக்குப் போர்த்தினார்கள். மன்றத்துக்காரர்கள் சபாக்காரர்களுக்குப் போர்த்தினார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று ஒருவருக்கு இரண்டாம் முறை போர்த்தினார்கள். மேடைக்குப் பின்னால் எங்களுக்கு வேர்வையில் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது. டீச்சர் மூன்று முறை போய்ச் சொன்னார். சபா செயலாளர் சௌந்தரராஜன் கை கூப்பினார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ டீச்சர். பெரியவாள்லாம் வந்திருக்கா. பேச விடலேன்னா மனஸ்தாபம் ஆயிடும்."

எங்கள் மனஸ்தாபம் யாருக்கும் கணக்கில் இல்லை.

சந்திரம்மாள் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் வரிசையில் காத்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்தமிழன் சங்க காலத்தில் தொடங்கிச் சோழர் காலத்துக்கு வந்துகொண்டிருந்தபோது காத்தான் எழுந்து வெளியே போனார். சந்திரம்மாள் இடுக்கை விட்டு நகர்ந்து, முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு அறிவித்தார்கள். நேரமின்மை காரணமாக நாடகம் இன்னொரு நாளுக்கு. ஆனாலும் அதன் இயக்குநரைக் கௌரவிக்காமல் விடுவார்களா? டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வையைப் பிரித்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுக்குங்க? வேஷம் போட்டவங்களை உள்ளே வேக வெச்சதுக்கா? மூணு அமைப்பும் சேர்ந்து என்ன செஞ்சோம்? ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிஞ்சுக்கிட்டோம். அதுக்குத் தனித்தனியாவே இருந்திருக்கலாமே!" மைக்கில் சொன்னது இவ்வளவு. மைக்கை நிறுத்திய பிறகு சொன்னதை நான் எழுத மாட்டேன். சால்வையை மைக் மேலேயே போர்த்திவிட்டு இறங்கினார்.

மறுநாள் நானும் அவரும் அரியமங்கலம் போனோம்.

"பார்த்தேனே டீச்சர்" என்றார் காத்தான். "சால்வை போத்துனதைப் பார்த்தேன். இதுக்குத்தான் இத்தனை நாளு இவ சோத்தை மூடி வெச்சுட்டு ஓடியாந்தாளா? போதும்."

"நாடகத்தை நீங்க இன்னும் பார்க்கலை. என் வாக்கு அப்படியேதான் நிக்குது."

"மறுபடியும் எங்கயும் என்னால வர முடியாதுங்க."

"நீங்க வர வேண்டாம். நாங்க வர்றோம்" என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் வீட்டுத் தெருவிலேயே. பட்டறை ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்து வீட்டு ஷரீபா அக்கா வாசல் விளக்கைப் போட்டுவிட்டார். தெரு நிறைந்துவிட்டது. சந்திரம்மாள் காலிக் குடத்தோடு எழுந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. செந்தமிழனும் சௌந்தரராஜனும் இறங்கினார்கள். கையில் 'முக்கொம்பு விழா - இரண்டாம் நாள்' என்று அச்சடித்த பேனர். கூடவே சால்வைப் பை. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நம்ம விழாவோட தொடர்ச்சிதானேங்க இது" என்று செந்தமிழன் சிரித்துக்கொண்டே நடுவில் வந்தார். "ரெண்டே வார்த்தை பேசிடறேன், அப்புறம் ஆரம்பிச்சுடலாம்."

டீச்சரின் கை கண்ணாடிக்குப் போனது. அதற்குள் காத்தான் எழுந்துவிட்டார். பேனரை வாங்கிச் சுருட்டினார், கார் மேல் வைத்தார். மூன்றாம் வரிசையில் ஆளில்லாத நாற்காலி ஒன்றைத் துண்டால் தட்டினார்.

"இங்க உக்காருங்க சார்" என்றார். "என் பொண்டாட்டி நடிக்கப் போறா."